வெயிலுக்கு ஆகாத உடம்பு

விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் எல்லாரும் போலீஸ் வேனில் ஏறிய அன்று, நான் பண்ணை வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் போட்டார்கள். எந்தப் பண்ணைக்கு எதிராகக் கொடி பிடித்து வயலில் உட்கார்ந்திருந்தேனோ, அதே பண்ணையின் வண்டி. என் முகத்துக்கு மேல் குடையைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தவர் பண்ணையின் ஏஜெண்டு. ஊரே அதைப் பார்த்தது.

எங்கள் தெரு திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது. கழக ஆட்சி வந்து, குடியிருந்த மனைக்கு எங்கள் பெயரில் பட்டா கிடைத்திருந்த காலம். "வீட்டைக் காலி பண்ணு" என்று பண்ணை இனி மிரட்ட முடியாது. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் அவர்கள் வயல்தான். நாங்கள் கூலிக்கு நட்டோம், களை எடுத்தோம், அறுத்தோம். ஒவ்வொரு அறுவடைக்கும் கூலி நெல்லுக்காக ஒரு சண்டை நடக்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெருவில் கொஞ்சம் படித்தவன் என்பதால் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பது என் வேலை. ஊர்வலத்தில் கொடியோடு முன்னால் போவதும் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

நோய் அந்த வருஷம் சித்திரையிலேயே வந்துவிட்டது. அது நோய் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்தால் கைவிரல் மடங்காது. வெந்நீரில் கையை ஊற வைத்தால்தான் மண்வெட்டிக் காம்பைப் பிடிக்க முடியும். உச்சி வேளைக்குள் விரல்கள் இளகிவிடும். சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும். இரண்டு கன்னத்திலும், நடுவே மூக்கின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்புப் படை வந்தது.

"புது மாப்பிள்ளைக்கு இன்னும் வெக்கம் போவல பாரு. கன்னம் எப்படி செவந்து கெடக்கு!" என்று தூர் வாரும் இடத்தில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனி மாதத்துக்குள் கேலி நின்றுவிட்டது. படை தடித்து, ஓரம் கறுத்தது. காது மடலிலும் வந்தது. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. வாய்க்குள் மேலண்ணத்தில் புண் இருந்தது. வலி இல்லாத புண். என் மனைவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். பூசிய இடத்தோடு வெயிலில் வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது முகம் தணலில் காட்டியது போல் எரியும்.

தெருவில் ஒரு சொல் கிளம்பியது. என் முன்னால் யாரும் சொல்லவில்லை. நான் போனதும் சொன்னார்கள். பெருவியாதி.

உறவுக்காரர் வீட்டில் ஒரு காது குத்து. வெயிலில் நடந்துபோன களைப்பில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டுப் பெண் உள்ளே போய்க் கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். கடைத்தெரு டீக்கடையில் எங்களுக்குக் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றியதற்காக எங்கள் தகப்பன்மார் அடிபட்டு, கேஸ் நடத்தி, கண்ணாடி கிளாஸ் வாங்கியிருந்தார்கள். அந்தக் கதையை நானே மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது சொந்தத் தெருவில், சொந்தக்காரர் வீட்டில், எனக்குக் கொட்டாங்கச்சி. அதை எடுத்துக் குடித்தேன். குடித்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தாகம் ஒன்றும் உயிர் போகிற தாகம் இல்லை.

ஆடியில் குஷ்டநோய்த் தடுப்பு ஆள் சைக்கிளில் வந்து வீடு வீடாகப் பார்க்கிறார் என்று சேதி வந்தது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி அவரை நேராக அங்கேயே அழைத்துவந்தாள்.

"இந்தா, இங்கதான் ஒளிஞ்சிருக்காரு சார். பாருங்க."

"ஒனக்கு அறிவிருக்கா?" என்றேன் அவளிடம்.

"இருக்கறதுனாலதான் கூட்டியாந்தேன்" என்றாள்.

அவர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கோழி இறகால் கன்னத்தையும் கையையும் தொட்டு, "எங்க தொடறேன், சொல்லுங்க" என்றார். எல்லா இடமும் சரியாகச் சொன்னேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பை அழுத்திப் பார்த்தார்.

"இது அது இல்லீங்க. அதுல படை வந்த எடம் மரத்துப் போயிருக்கும். ஒங்களுக்கு நல்லாத் தெரியுது. இது என்னான்னு எனக்குச் சொல்லத் தெரியல. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

தள்ளித்தான் போட்டேன். குஷ்டம் இல்லை என்றதே போதும் என்றிருந்தது. குறுவை அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. பண்ணை கூலி நெல்லைக் கூட்டித் தர மறுத்து, வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. இந்த நேரத்தில் முன்வரிசை ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நினைப்பார்கள்?

புரட்டாசி வெயில் பொன் உருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் அறுவடை வயலின் வரப்பில் உட்கார்ந்தோம். லாரியில் வந்த வெளியூர் ஆட்கள் வயலில் இறங்காமல் இருக்க, ஆணும் பெண்ணுமாகச் சுற்றி உட்காருவதுதான் போராட்டம். நிழலுக்கு ஒரு கருவேல மரம்கூட இல்லை. சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் நேராக மார்பிலும் தோளிலும் விழுந்தது. அந்த இடமெல்லாம் சிவந்து கொப்பளித்தது. இரண்டாம் நாள் கணுக்கால் வீங்கியது. சிறுநீர் போனால் கள்ளுப் பானை போல் நுரைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. எழுந்து கோஷம் போடுவதற்காகக் கொடிக் கம்பை ஊன்றினேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சேற்றில் விழுந்தேன். சங்கச் செயலாளர் என் பெயரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. அதற்குள் அவரை வேனுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். மற்றவர்களையும் ஏற்றினார்கள். வேன் போனபின் வயலில் கிடந்தவன் நான் ஒருவன்தான்.

ஏஜெண்டு குடையோடு வந்து குனிந்து பார்த்தார். பிறகு வெளியூர் ஆட்களிடம் சொன்னார்:

"தூக்குங்கய்யா. இவன் இங்க செத்தான்னா கேசு நம்ம தலையில வந்து விடியும்."

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அங்கிருந்து தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி ஓடிவந்து, என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். என் முகத்தைப் பார்த்து முன் சீட்டில் இருந்த பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் மனைவி முந்தானையால் என் முகத்தை மூடினாள். எனக்கு எரிச்சல் தெரியாமல் இருக்க மூடினாளா, அந்தப் பெண்ணுக்காக மூடினாளா என்று நான் கேட்டதில்லை.

தஞ்சாவூரில் வார்டில் கட்டில் கிடைக்கச் சில நாள் ஆனது. அதுவரை தரையில் பாய். டாக்டர் நடு வயதுக்காரர், மெதுவாகப் பேசுவார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, என் எதிரேயே விளக்கில் காட்டினார். அது முட்டையின் வெள்ளைக் கரு வெந்ததுபோல் திரண்டது.

"உடம்புல நிக்க வேண்டிய சத்து இதுல போவுது. சிறுநீரகம் ஒழுவுது" என்றார். மூட்டையும் வாயையும் பார்த்தார். கையில் ரத்தம் எடுத்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் டாக்டரோடு மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். பாதிப் பேர் பெண்பிள்ளைகள். என்னைச் சட்டை இல்லாமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். டாக்டர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே குச்சியால் என் கன்னத்தையும் மூக்கையும் மார்பையும் காட்டினார். எனக்குப் புரிந்தது 'மேல் பேஷண்ட்', அதாவது ஆண் நோயாளி, என்பது மட்டும்தான். அதைச் சொன்னபோது எல்லாரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை அவசரமாக எழுதிக்கொண்டாள். அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்னாங்க சொன்னாரு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்.

"பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி தம்பி. ஆம்பளைங்களுக்கு வந்தா அதிசயமாம். அதான் காட்டுறாங்க."

போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டேன். குஷ்டமாகவே இருந்திருக்கலாம் என்றுகூட அந்த ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படி நினைத்தவன் நான். வெளியே சொல்லாத எத்தனையோ இருக்கிறது. இது அதில் ஒன்று.

ரத்தத்தில் தேடியது கிடைத்துவிட்டது என்று சாயங்காலம் டாக்டர் தனியாக வந்தார். என் மனைவியையும் உட்காரச் சொன்னார்.

"இதுக்குப் பேரு லூப்பஸ். ஓநாய்னு அர்த்தம். அந்தக் காலத்துல முகத்துப் புண்ணப் பாத்து ஓநாய் கடிச்ச மாதிரி இருக்குன்னு வச்ச பேரு."

"எங்க பக்கம் நரிதாங்க உண்டு" என்றாள் என் மனைவி. அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்:

"வெளியிலேர்ந்து கிருமி வந்தா சண்டை போட்டு வெரட்டறதுக்கு எல்லார் உடம்புலயும் ஒரு சக்தி இருக்கும்மா. இவருக்கு அது தப்பா வேலை செய்யுது. கிருமிய அடிக்க வேண்டியது, சொந்த உடம்பையே அடிக்குது. தோல அடிச்சுது, மூட்ட அடிச்சுது, இப்ப சிறுநீரகத்துக்கு வந்திருக்கு. ரத்தத்துல பாத்தோம். ஒரு வெள்ளணு இன்னொரு அணுவோட கருவ முழுங்கிட்டு உக்காந்திருக்கு. அது ஒரு பெரிய அடையாளம். அது மட்டும் போதாது. முகம், முடி, வாய்ப்புண்ணு, மூட்டு, சிறுநீரு, எல்லாத்தயும் சேத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணியிருக்கோம்."

"ஏன் டாக்டரய்யா வந்துச்சு?" என்றேன். "நான் ஏதாச்சும் தப்பா..."

"நீ ஒண்ணும் பண்ணல. கெட்ட சகவாசத்துல வர்றதில்ல. பாவத்துல வர்றதில்ல. சில பேரு அதுக்கு எடம் குடுக்கற உடம்போட பொறக்கறாங்க. அப்புறம் ஏதாவது ஒண்ணு அதக் கெளப்பி விடுது. வெயிலு, காய்ச்சலு, சில மருந்து. ஒனக்கு வெயிலு. முழுக் காரணம் எங்களுக்கே தெரியாதுப்பா. பொம்பளைங்களுக்கு அதிகம் வருது. அதுக்காக இது பொம்பள வியாதி ஆயிடாது."

"ஒட்டுமாங்க?" என்று என் மனைவி கேட்டாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. இத்தனை மாதமும் அந்தப் பயத்தோடுதான் அவள் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஒரு நாளும் தள்ளிப் படுத்ததில்லை.

"ஒட்டாது. ஒரு தட்டுல சாப்பிடலாம்."

"தீந்துடுமா?"

"அடியோட தீராது. அடக்கி வைக்கலாம். மாத்திரைய ஒழுங்கா சாப்பிடணும், நானே சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. உப்பக் கொறைக்கணும். மாசத்துக்கு ஒருக்கா வந்து சிறுநீரும் ரத்தமும் பாக்கணும். முக்கியமா, வெயில்ல நிக்கக் கூடாது. முழுக்கை சட்ட, குடை. குடை இல்லாம வாசப்படி தாண்டாத."

நான் வயல் வேலைக்காரன் என்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகை மழையில் வீடு திரும்பினேன். மழைக்குக் குடை பிடிப்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது என் முகத்தைத்தான். சிவப்புப் படை அமுங்கியிருந்தது. விரல் மடங்கியது. கால் வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் மாத்திரையால் முகம் பூசணிக்காய் போல் உருண்டுவிட்டது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. எப்போதும் பசித்தது.

சங்கத்து ஆட்கள் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சிறையிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள். கூலியும் கூடியிருந்தது. சிறைச் சோற்றில் அவர்கள் இளைத்திருந்தார்கள். நான் ஊதியிருந்தேன். பண்ணை வண்டியில் ஏறிப் போனவன், கன்னம் கொழுத்துத் திரும்பி வந்திருக்கிறான். வேறு சாட்சி யாருக்கு வேண்டும்?

"பண்ணைச் சோறு ஒடம்புல ஒட்டியிருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் சண்டை போட வேண்டும். சண்டை போட்டால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். பொம்பளை வியாதி என்று சொல்வதைவிடத் துரோகி என்று இருப்பது எனக்கு லேசாக இருந்தது. என் மனைவி யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் முறைப்பேன். "மூட்டு வாதம்னு சொல்லு, போதும்."

தையும் மாசியும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அவள் அறுவடைக்குப் போய்க் கூலி கொண்டுவந்தாள். நான் சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன். யாராவது வாசலில் வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனியில் குறுவை நடவு. ஒரு நாள் அவள் மத்தியானச் சோற்றை எடுக்காமல் போய்விட்டாள். அதைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டு, குடை விரித்து வரப்பில் நடந்தேன். எங்கள் அப்பா காலத்தில் பண்ணை எதிரே எங்கள் ஆட்கள் சட்டை போடக் கூடாது, குடை விரிக்கக் கூடாது. அதையெல்லாம் சங்கம் உடைத்துவிட்டது. ஆனாலும் காய்கிற வெயிலில் நடவு வயல் வரப்பில் குடையோடு நிற்கிறவர் ஒருவர்தான்: நடவை மேற்பார்க்கிற ஏஜெண்டு.

தூரத்திலேயே நடவுப் பாட்டுக் கேட்டது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையும் தெரிந்ததும் பாட்டு நின்றது. வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, வேகமாக நட ஆரம்பித்தார்கள். நான் கிட்டே போனேன். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியே, ஏஜெண்டு இல்லடி! நம்ம தோழருடி!"

வயலே சிரித்தது. சேற்றுக் கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயா, நடவு நெருக்கமா இருக்கா பாருங்கய்யா!" என்றாள் ஒருத்தி. "கும்பிடறோம் எசமான்!" என்றாள் இன்னொருத்தி. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பயந்துவிட்ட வெட்கத்தை அப்படித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நிமிரவும் இல்லை. நாற்றைப் பிரித்துப் பிரித்து நட்டுக்கொண்டே இருந்தாள். தூக்கை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில் குடையை மடக்கி வாய்க்காலில் எறிந்தேன்.

அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கவில்லை. முகம் வடிந்தால் போதும் என்று நினைத்தேன். அவள் எடுத்துக் கொடுப்பதை வாயில் அதக்கிவைத்திருந்து, கொல்லையில் போய்த் துப்பினேன். சில நாளிலேயே பசி போய்விட்டது. உடம்பு வடிகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றியது. காய்ச்சலும் மூட்டு வலியும் திரும்ப வந்தன. ஒரு காலை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கண் திறந்திருந்தது, அவள் கேட்பதும் காதில் விழுந்தது, பதில் சொல்லத்தான் தெம்பு இல்லை.

அவள் தெருவில் ஓடி ஆள் கூப்பிட்டாள். யாரும் உடனே வரவில்லை. சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று கத்தியிருக்கிறாள்:

"அவரு பண்ணைக்குப் போனாருன்னே வச்சிக்கங்க. செத்துக்கிட்டு இருக்காரு. இப்ப தூக்கறதுக்கு வருவீங்களா, அப்பறம் தூக்கறதுக்கு வருவீங்களா?"

செயலாளர் வந்தார். கூடவே மூன்று நான்கு பேர் வந்தார்கள். கயிற்றுக் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். வாடகைக் காரில் தஞ்சாவூருக்குச் செயலாளரே கூட வந்தார்.

கண் தெளிந்து நான் பேசத் தொடங்கியதும் டாக்டர் கேட்டார்: "மாத்திரைய நிறுத்தினியா?"

என் மனைவி, "இல்லீங்க, நாந்தான் குடுத்தேன்" என்றாள்.

"நிறுத்தினேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏஜெண்டு என்று வயலே சிரித்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "நிறுத்தாதேன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல, அது என் தப்பு. இந்த மருந்து மாதிரி ஒண்ண உடம்பு தானே சுரக்கும். வெளியிலேர்ந்து குடுத்தா, உடம்பு தன் பங்க நிறுத்திடும். நீ திடீர்னு நிறுத்தினா, உள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல. ஆளே போயிடலாம். நோய் அடங்கினா நானே கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பேன். முகம் தானா வடியும்."

"முகத்துக்காகவா நிறுத்துனீங்க?" என்று கேட்டது செயலாளர். அவர் வாசலோரம் நின்றிருப்பதை நான் பார்க்கவில்லை. முகம் மட்டும் இல்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜெண்டின் வண்டி, குடை, நடவு வயல், பொம்பளை வியாதி. அவர் டாக்டரை வெளியே அழைத்துப் போய் நெடுநேரம் பேசினார்.

அதன் பலனை ஊருக்குத் திரும்பிய பிறகு அனுபவித்தேன். சங்கக் கூட்டத்தில், ஒலிபெருக்கியில், கூலியைப் பற்றிப் பேசி முடித்த கையோடு அவர் சொன்னார்:

"தோழர்களே, நம்ம தோழருக்கு வந்திருக்கறது பெருவியாதி இல்ல. லூப்பசு. பெண் தோழர்களுக்குத்தான் அதிகம் வருமாம், இவருக்கும் வந்துடுச்சு. அது ஒட்டாது. அவரு ஊதியிருக்கறது மாத்திரையால, பண்ணைச் சோத்தால இல்ல. வெயில்ல கெடந்து நமக்காகப் போராடுனதுல நோய் முத்திடுச்சு. அவர எவனாவது துரோகின்னு சொன்னா, சங்கத்துலேர்ந்து வெளிய போவட்டும்."

கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் நல்லதுக்குத்தான் செய்தார். ஒளித்து ஒளித்து வைத்திருந்ததை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அப்படியே எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். ஒருத்திக்குக் காலையில் விரல் மடங்கவில்லையாம். ஒருத்தியின் தங்கை முகத்தில் படை வந்து செத்துப்போனாளாம். பேய் அடித்தது என்று அடக்கம் செய்துவிட்டார்களாம். "அதுவா இருக்குமோ?" என்று கேட்டாள். என் மனைவி, "தெரியலயேக்கா. ரத்தம் பாத்தாத்தான் சொல்லுவாங்க" என்றாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கம் முயற்சி எடுத்து, கூட்டுறவுச் சொசைட்டியின் உரக் கிடங்கில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கூரைக்குக் கீழே வேலை. அங்கேதான் கணக்கு எழுதினேன், புத்தகம் படித்தேன், கிழவனும் ஆனேன். மாத்திரை பாதியானது, கால்வாசியானது. மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு மாத்திரை ஒன்றும் உண்டு. அதற்காக வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இடையில் இரண்டு தடவை நோய் சீறியது. இரண்டு தடவையும் உடனே போனேன், அடக்கினார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணைகளிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தபோது, அதில் உழுததும் நட்டதும் அறுத்ததும் என் மனைவிதான். பட்டாவில் என் பெயர் இருந்தது. அந்த வயல் வரப்பில் நான் வெயில் தாழ்ந்த பிறகே நின்றிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு முகத்தில் வேர்க்குரு வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. பெரியவளானதும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் ரத்தம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கு வந்தே தீரும்னு இல்ல" என்றார்கள்.

அவளை முதன்முதலில் பெண் பார்க்க மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னாங்க?" என்று கேட்டார். என் நாக்கில் மூட்டு வாதம் தயாராக இருந்தது. ஊருக்கே தெரிந்த பிறகும் வெளியூர்க்காரர்களுக்கு நான் வைத்திருந்த பதில் அதுதான். அதற்குள் என் மனைவி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"லூப்பஸுங்க. ஆயுசுக்கும் மாத்திரை. ஒட்டாது. பொண்ணுக்கு ரத்தம் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. பின்னாடி வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, யாராலயும் முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர்கள் காபியைக் குடித்து முடித்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அன்று அவர்கள் போனதும் கொல்லைப்புறம் போய், கை கழுவுகிறவன்போல் தொட்டியடியில் நின்றேன். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் உடம்பு என்னோடு போகாமல் அவள் வாசல் வரைக்கும் வந்துவிட்டதே என்றிருந்தது. அவள்தான் பின்னால் வந்தாள். புதுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள்.

"அம்மா சொன்னதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லப்பா. நீங்க வாதம்னு சொல்லியிருந்தாத்தான் வருத்தப்பட்டிருப்பேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும், நான் அப்படித்தான் சொல்லப் போனேன்னு?"

"எப்பவும் அதானே சொல்றீங்க" என்றாள். பிறகு, "அந்த பஜ்ஜி நெறைய மிச்சம் இருக்கு. ஆறிடும், வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் இன்னொரு முறை கையைக் கழுவிவிட்டு அவள் பின்னால் போனேன்.